கிதாபுகளில் பெயர் பொறித்த பூலாக் துறை

உங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில், மூத்தவாப்பா ஓதிய பழைய அரபுக் கிதாபு ஏதேனும் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறதா? இருந்தால் ஒரு நாள் அஸர் தொழுத பின் மெதுவாக எடுத்து விரித்துப் பாருங்கள். தாள் பழுத்து மஞ்சளாகியிருக்கும். நடுவில் ஒரு கிதாபு, அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் இன்னொரு கிதாபு என்று இரண்டு நூல்கள் ஒரே பக்கத்தில் குடியிருக்கும். கடைசிப் பக்கத்துக்கு வாருங்கள். வரிகள் வரவர ஒடுங்கி, தலைகீழாக நிறுத்திய முக்கோணம் போல முடியும். அந்த இடத்தில்தான் அச்சிட்ட இடத்தின் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். அங்கே அடிக்கடி வரும் ஒரு பெயர், பூலாக்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதிய நாட்களில் எங்கள் உஸ்தாத் ஒருவர், இரண்டு பதிப்புகளில் ஒரு சொல் வேறுபட்டால், "பூலாக்கைப் பாருங்கள்" என்பார். தங்கத்தை உரைகல்லில் உரசிப் பார்ப்பது போல, எங்களுக்குப் பூலாக். அது யாரோ ஓர் அச்சகக்காரரின் பெயர் என்றே பல காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஓர் ஊரின் பெயர், எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் நைல் நதிக்கரையில் வியாபாரிகளும் படகோட்டிகளும் சுமை தூக்குவோரும் வாழ்ந்த துறைமுகப் பகுதியின் பெயர் என்பது பிறகுதான் தெரியவந்தது. அச்சகம் வருவதற்கு முன்பே அதற்கு ஐந்நூறு ஆண்டு வரலாறு இருந்தது. அந்த வரலாற்றையும், அங்கு வாழ்ந்த குடும்பங்களுக்கு நம் காலத்தில் நேர்ந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

நதி கொடுத்த மண்

கெய்ரோ நகரம் எழுந்தபோது பூலாக் என்று ஒரு தரையே இல்லை. இன்று அது இருக்கும் இடத்தில் அன்று நைல் ஓடிக்கொண்டிருந்தது. கெய்ரோவின் பழைய துறை அல்மக்ஸ் என்ற இடத்தில், இன்றைய கரையிலிருந்து வெகு தூரம் கிழக்கே இருந்தது. நைல் மெல்ல மெல்ல மேற்கே விலகிப் போயிற்று. விலகிய இடங்களில் வண்டல் தங்கியது.

வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ (ரஹ்) ஒரு சுவையான செய்தி சொல்கிறார். பாத்திமீக்களின் ஆட்சியின் இறுதிக் காலத்தில் 'யானை' என்ற பெயருடைய பெரிய கப்பல் ஒன்று அந்தப் பக்கத்தில் உடைந்து ஆற்றில் புதைந்ததாம். அதைச் சுற்றி மணல் சேர்ந்து தீவாயிற்றாம். மக்கள் அதற்கு 'யானைத் தீவு' என்றே பெயர் வைத்தார்கள். பின்னர் தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. 1280ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்கும் அப்பால் புதிய மணல் திட்டுகள் தலைகாட்டின. அவைதாம் பூலாக்.

இந்த இடத்தில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அந்த மணல் திட்டுகள் எழுந்த அதே காலத்தில், 1283ஆம் ஆண்டு, இலங்கையிலிருந்து ஒரு தூதுக்குழு கெய்ரோ போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் யாப்பகூவையிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு மன்னர். தூதுவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஹாஜி அபூ உத்மான் என்ற முஸ்லிம். மம்லூக் ஸுல்தான் கலாவூனிடம் மன்னரின் கடிதத்தைக் கொடுத்தார்கள். கடிதம் பொன் தகட்டில் எழுதப்பட்டிருந்தது. அதை வாசிக்கக் கெய்ரோவில் ஒருவரும் இல்லை என்கிறார்கள் அந்நாள் வரலாற்றாசிரியர்கள். ஆகவே தூதுவர்களே வாயால் விளக்கினார்கள். எங்களிடம் முத்தும் இரத்தினமும் யானையும் கறுவாவும் உண்டு, உங்கள் வியாபாரிகளை அனுப்புங்கள் என்பதுதான் சாரம். நம் கறுவாப்பட்டை எந்தச் சந்தையை நோக்கிப் போகிறது என்பதை அந்த மன்னர் நன்றாகவே அறிந்திருந்தார்.

அந்தக் கலாவூனின் மகன் ஸுல்தான் அந்நாஸிர் முஹம்மத். அவர் 1313இல் பூலாக் மண்ணில் வீடு கட்டவும் தோட்டம் போடவும் மக்களுக்கு அனுமதி கொடுத்தார். அமீர்களும் எழுத்தர்களும் பணக்காரர்களும் முதலில் ஆற்றங்கரை மாளிகைகளையே கட்டினார்கள். வியாபாரம் வந்தது அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து. 1422 முதல் 1438 வரை ஆண்ட ஸுல்தான் பர்ஸ்பாய், மிளகு உள்ளிட்ட வாசனைத் திரவியங்களின் வியாபாரத்தை அரசின் ஏகபோகமாக்கிக்கொண்டார். வியாபாரிகளுக்கு இது பெரிய இடி. பூலாக்குக்கோ இது வளர்ச்சி. செங்கடல் வழியாக வந்து கெய்ரோவில் சேர்ந்த சரக்கு, பூலாக்கில் படகேறி நைல் வழியே இறங்கி, மத்தியதரைக் கடலோரத் துறைகளுக்குப் போனது. அங்கிருந்து வெனிஸ் நகரத்தாரின் கப்பலில் ஏறியது.

வகாலாக்களும் வக்புகளும்

பூலாக்கின் உயிர் வகாலாக்களில் இருந்தது. வகீல், வக்காலத்து என்று நம் தமிழிலேயே புழங்கும் சொற்களின் வேர்தான் இதுவும்; ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்பது என்று பொருள். வகாலா என்பது ஒரு பெரிய நாற்சதுரக் கட்டடம். நடுவில் திறந்த முற்றம், அதில் ஒட்டகமும் கழுதையும் நிற்கும். முற்றத்தைச் சுற்றிக் கீழே கல்வளைவுக் கிட்டங்கிகள். மாடியில் வெளியூர் வியாபாரிகள் தங்கும் அறைகள். ஒரே ஒரு வாசல். இரவில் அதைப் பூட்டிவிடுவார்கள். சரக்கு வைத்தவன் நிம்மதியாகத் தூங்கலாம். பல வகாலாக்களின் மேல்மாடியில், தெருவிலிருந்து தனிப் படிக்கட்டு வைத்து, குடும்பங்களுக்கு வாடகை வீடுகளும் கட்டினார்கள். அவற்றுக்கு 'ரப்உ' என்று பெயர். கீழே அரிசியும் எண்ணெயும் மரமும் கைமாறிக்கொண்டிருக்க, மேலே அடுப்பெரியும், பிள்ளைகள் அழும், உம்மாமார் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் சமைக்கும் வாசம் அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாத நெருக்கம். இந்த நெருக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டடங்களில் பல தனியார் இலாபத்துக்காக மட்டும் எழுந்தவை அல்ல, அல்லாஹ்வுக்காக வக்பு செய்யப்பட்டவை. 1517இல் எகிப்து உஸ்மானியர் கைக்கு வந்த பின், ஆளுநராக வந்த ஸுலைமான் பாஷா பூலாக்கில் பள்ளிவாசலும் வகாலாக்களும் கட்டினார். ஸினான் பாஷா 1571இல் ஆற்றங்கரையில் ஒரு பள்ளிவாசல் கட்டினார். துருக்கிப் பாணியில் ஒரே பெரிய குப்பாவும், மூன்று பக்கம் தாழ்வாரமுமாக அது இன்றும் நிற்கிறது. கெய்ரோவின் பெரிய கல் குப்பாக்களில் அதுவும் ஒன்று. பள்ளிவாசலைச் சுற்றி அவர் வகாலாக்களும் ஹம்மாமும் கடைகளும் கட்டினார். மிளகுக்காரன் கொடுக்கும் கிட்டங்கி வாடகை, இமாமின் சம்பளமாகவும் விளக்கெண்ணெயாகவும் அநாதைப் பிள்ளைகள் ஓதும் மக்தபின் செலவாகவும் மாறுவதே வக்பின் வழமை. இன்று நம் ஊர்களில் பள்ளிவாசலுக்கு முன்னால் நாலு கடை கட்டி வாடகைக்கு விடுகிறோமே, அதன் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஆறு அந்தப் பள்ளிவாசலின் வாசலை ஒட்டியே ஓடியது. பிறகு இன்னும் மேற்கே விலகிவிட்டது.

ஆளுநர்கள்தாம் பள்ளிவாசல் கட்டினார்கள் என்றில்லை. 1485ஐ ஒட்டி, ஷெய்கு ஹுஸைன் அபூ அலீ என்ற நல்லடியாருக்காக அவர்மீது பற்றுக்கொண்ட வியாபாரி ஒருவர் கட்டிய பள்ளிவாசல்தான், 'அபுல் இலா' என்று மக்கள் வாயில் திரிந்து, பூலாக்கின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் அந்தப் பகுதி பூலாக் அபுல் இலா என்றே அழைக்கப்படுகிறது.

இனிப் பெண்களைப் பற்றி. பூலாக்குக்குத் தனியாக ஷரீஅத் நீதிமன்றம் இருந்தது. உஸ்மானியர் காலத்து அதன் பதிவேடுகள் எகிப்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரலாற்றாசிரியர் நெல்லி ஹன்னா என்ற எகிப்தியப் பெண்மணி அந்தப் பதிவேடுகளைப் புரட்டித்தான் பூலாக்கின் வரலாற்றை எழுதினார். கெய்ரோ நீதிமன்றங்களின் அந்தக் காலத்து ஏடுகளில் பெண்கள் நிறையவே வருகிறார்கள். வீடு வாங்குகிறார்கள், விற்கிறார்கள், வாடகைக்கு விடுகிறார்கள், தம் மஹரின் பாக்கியைக் கேட்டு வழக்குப் போடுகிறார்கள், தம் சொத்தை வக்பு செய்கிறார்கள். கணவனின் சம்மதக் கையெழுத்து எதுவும் தேவைப்படவில்லை. இங்கிலாந்தில் மணமான ஒரு பெண் தன் சொத்தைத் தன் பெயரிலேயே முழு உரிமையோடு வைத்திருக்க 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதே 1882இல்தான் அந்த இங்கிலாந்து, எகிப்தை 'நாகரிகப்படுத்த'ப் படையோடு வந்து இறங்கியது! ஒராபி பாஷாவை நம் இலங்கைக்கு நாடு கடத்தத் தீர்ப்பானதும் அதே ஆண்டில்தான். ஆனால் சகோதரிகளே, ஏட்டில் இருக்கும் இந்த உரிமையை நம் ஊர்களில் எத்தனை வாப்பாமார், நானாமார் மதிக்கிறார்கள் என்று கேட்டால், நான் தலை குனியத்தான் வேண்டும்.

கோப்பி வந்த கதையும் நெருப்பு வந்த கதையும்

1498இல் போர்த்துக்கேயர் ஆபிரிக்காவைச் சுற்றி இந்தியாவுக்கு வழி கண்டபின், கெய்ரோவின் மிளகு வியாபாரம் செத்துவிட்டதாகப் பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லும். அடி விழுந்தது உண்மை. சாகவில்லை என்பதும் உண்மை. 16ஆம் நூற்றாண்டிலிருந்து யமனின் கோப்பி வந்து சேர்ந்தது. ஆரம்பத்தில் அது ஹலாலா ஹராமா என்று உலமாக்கள் பெரிதாக வாதாடினார்கள். மக்காவில் ஒரு முறை தடைகூட வந்தது. வாதம் ஓய்வதற்குள் கோப்பி ஊரையே பிடித்துக்கொண்டது. ஜித்தாவிலிருந்து சூயஸ், சூயஸிலிருந்து ஒட்டகத்தில் கெய்ரோ, பூலாக்கில் படகு, பின்னர் கடலேறி இஸ்தான்பூல் என்று அந்தக் கொட்டை பயணம் செய்தது. திரும்பி வந்த படகுகளில் மரமும் சவர்க்காரமும் உலர்ந்த பழங்களும் ஐரோப்பியத் துணியும் வந்தன. மொரோக்கோ, துனீஸியா பக்கத்து ஹாஜிகள் பலரும் கடல் வழியாக எகிப்து வந்து, நைல் படகில் பூலாக் இறங்கித்தான் கெய்ரோவின் ஹஜ் கூட்டத்தோடு சேர்ந்தார்கள்.

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் தம் தீவுகளில் அடிமைகளைக் கொண்டு பயிரிட்ட மலிவான கோப்பி, உஸ்மானியச் சந்தைகளிலேயே யமன் கோப்பியோடு போட்டிக்கு வந்தது. அந்த நூற்றாண்டு முடியுமுன் பிரெஞ்சுப் படையே வந்துவிட்டது. 1798 ஜூலை 21இல் நெப்போலியனின் படை, பூலாக்குக்கு எதிர்க்கரையான இம்பாபாவில் மம்லூக்குகளை முறியடித்தபோது, பூலாக் கரையில் மக்கள் திரண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1800ஆம் ஆண்டு மார்ச்சில் கெய்ரோ மக்கள் இரண்டாம் முறையாக எழுந்தார்கள். பூலாக்கில் முன்னின்றவர் ஹாஜி முஸ்தபா அல்பஷ்தீலீ என்ற ஊர்ப் பிரமுகர். தளபதி க்ளேபர் சரணடையச் சொன்னார், பூலாக் மறுத்தது. ஏப்ரல் நடுவில் பீரங்கிகள் திறந்தன. அன்று கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல்ஜபர்தீ (ரஹ்) அதை நெஞ்சு பதற எழுதியிருக்கிறார். தெருக்களில் மையித்துகள், எரிந்து விழுந்த வீடுகளும் மாளிகைகளும், கொள்ளை போன கிட்டங்கிகள், சிறைப்பட்ட பெண்கள், பிள்ளைகள். பஷ்தீலீ பிடிபட்டார். அவரைக் கொல்லும் வேலையை அவருடைய ஆட்களிடமே பிரெஞ்சுக்காரர் ஒப்படைத்தார்கள். அவர்கள் தடியால் அடித்தே கொன்றார்கள். அதற்கும் மேலே எரிந்த ஊரின் மீது அபராதம் வேறு போட்டார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று உலகுக்கெல்லாம் பாடம் சொன்னவர்களின் கைவரிசை இது.

இரும்பு எழுத்துகளின் காலம்

சாம்பலாகிக் கிடந்த பூலாக்கை முஹம்மத் அலீ பாஷா தொழிற்பேட்டையாக்கினார். முதலில் கப்பல் பட்டறை. ஹிஜாஸ் படையெடுப்புக்கு 1811ஐ ஒட்டிச் செங்கடலில் கப்பல்கள் தேவைப்பட்டன. அங்கே மரமில்லை. ஆகவே பூலாக்கில் பாகம் பாகமாக அறுத்துச் செதுக்கி, ஒட்டகங்களின் முதுகில் ஏற்றிப் பாலைவனம் கடந்து சூயஸுக்குக் கொண்டுபோய் அங்கே பொருத்தினார்கள். பின்னர் நெசவாலை, துணி வெளுக்கும் ஆலை, இரும்பு வார்ப்புப் பட்டறை, பொறியியற் பள்ளி என்று அடுக்கடுக்காக வந்தன. விவசாயிகளின் பிள்ளைகளைப் பலவந்தமாகப் பிடித்து வந்து ஆலைகளில் நிறுத்தினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்த வரிசையில் வந்ததுதான் நம் அச்சகம். அதன் வாசற் கல்லில் ஹிஜ்ரி 1235 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டது; அது 1820. நிக்கோலா அல்மஸாபிக்கீ என்ற ஸிரியா நாட்டுக் கிறிஸ்தவர் அதற்கு முன்பே இத்தாலியின் மிலான் நகருக்கு அனுப்பப்பட்டு, அச்சுத்தொழிலைக் கற்றுத் திரும்பியிருந்தார். 1822இல் வெளிவந்த முதல் நூல்களில் ஒன்று இத்தாலிய - அரபு அகராதி. படைக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தேவையான நூல்களே முதலில் அச்சேறின. 1828இல் அரசின் செய்தித்தாளான 'அல்வகாயிஉல் மிஸ்ரிய்யா' தொடங்கியது.

தீனுடைய கிதாபுகள் விஷயத்தில் உலமாக்கள் தயங்கினார்கள். கையால் எழுதுபவன் ஒரு பிழை விட்டால் ஒரு பிரதியில் பிழை. அச்சில் விட்டால் ஆயிரம் பிரதியில் பிழை. நியாயமான பயம்தானே? பூலாக் இதற்குக் கண்ட பரிகாரம்தான் அதன் புகழுக்குக் காரணமாயிற்று. அஸ்ஹரில் படித்த ஆலிம்களையே பிழை திருத்துபவர்களாக, 'முஸஹ்ஹிஹ்' என்ற பதவியில் அமர்த்தினார்கள். ஷெய்கு முஹம்மத் கித்தா அல்அதவீ, 1874இல் மறைந்த ஷெய்கு நஸ்ர் அல்ஹூரீனீ (ரஹ்) போன்றவர்கள் பல கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, அறிஞர்களாகவே அந்த வேலையைச் செய்தார்கள். நூல் முடியும் பக்கத்தில் திருத்தியவரின் பெயரும் வரும். நான் சொன்ன முக்கோணத்தில் தேடிப் பாருங்கள்.

இப்படித்தான் பத்ஹுல் பாரீ ஹிஜ்ரி 1300ஐ ஒட்டி அச்சாயிற்று. லிஸானுல் அரப் என்ற பேரகராதி 20 பாகங்களில் வந்தது. இமாம் தபரீயின் தப்ஸீர் ஹிஜ்ரி 1323 முதல் 1330 வரை, ஓரத்தில் நைஸாபூரீயின் தப்ஸீரையும் சுமந்துகொண்டு வெளியாயிற்று. எல்லாவற்றுக்கும் மகுடம் ஸஹீஹுல் புகாரீ. ஸுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் கட்டளைப்படி ஹிஜ்ரி 1311 முதல் 1313 வரை ஒன்பது பாகங்களாக அச்சிட்டார்கள். அதனால்தான் அதற்கு 'ஸுல்தானிய்யா' பதிப்பு என்று பெயர். அதற்கு மூலமாகக் கொண்டது ஹிஜ்ரி 701இல் மறைந்த இமாம் யூனீனீயின் பிரதி. யூனீனீ அந்தப் பிரதியைச் சரிபார்த்தபோது இலக்கணச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொடுத்தவர் யார் தெரியுமா? நம் மத்ரஸாப் பிள்ளைகள் இன்றும் ஓதும் அல்பிய்யாவை எழுதிய இப்னு மாலிக் (ரஹ்) அவர்களேதான். அச்சான பின்னரும் அஸ்ஹரின் உலமாக்கள் குழுவாக அமர்ந்து மறுபடி சரிபார்த்தார்கள்.

அச்சகம் உலகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் துறைமுகம் நலிந்துகொண்டிருந்தது. 1820இல் வெட்டிய மஹ்மூதிய்யாக் கால்வாய் நைலை இஸ்கந்தரிய்யாவோடு இணைத்து, பூலாக்குக்கு முப்பது ஆண்டு கொழுத்த வாழ்வைக் கொடுத்தது. 1856இல் இஸ்கந்தரிய்யாவிலிருந்து கெய்ரோவுக்கு ரயில் வந்தது. ரயில் நிலையம் பூலாக் கரையில் இல்லை. சரக்கு தண்ணீரை விட்டுத் தண்டவாளத்துக்கு ஏறியது. 1869இல் திறந்த சூயஸ் கால்வாயோ கெய்ரோவையே தொடாமல் கப்பல்களைக் கடத்திவிட்டது. வகாலாக்கள் பட்டறைகளாயின, மாடியறைகளில் ஏழைக் குடும்பங்கள் நிறைந்தன. எகிப்தின் முதல் தொல்பொருட் காட்சிச்சாலையும் 1863இல் பூலாக் கரையில்தான் திறந்தது. 1878 வெள்ளத்தில் நைல் உள்ளே புகுந்து சேதம் செய்ய, பின்னர் அதுவும் இடம் மாறிப் போயிற்று.

போகச் சொன்னார்கள்

20ஆம் நூற்றாண்டில் பூலாக் என்றால் நெருக்கமான சந்துகளும், இரும்புப் பட்டறைகளும், வகாலத்துல் பலஹ் சந்தையும்தான். பலஹ் என்றால் பேரீச்சம்பழம். மேல் எகிப்திலிருந்து படகில் வந்த பேரீச்சம்பழத்தை இறக்கிய வகாலா அது. இப்போது பெயரில் மட்டுமே பழம் இருக்கிறது. சந்தை துணிக்கும் பழைய உடுப்புக்கும் பேர்போனது. மகளின் கலியாணத்துக்குத் திரைச்சீலையும் மெத்தைத் துணியும் மலிவாக வாங்க வரும் உம்மாமாரை அங்கே எக்காலமும் காணலாம் என்பார்கள். விலை பேசுவதில் எகிப்தியப் பெண்கள் நம்மவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.

ஆற்றங்கரை நிலம் விலை ஏறியது. கரையோரம் தொலைக்காட்சி நிலையமும் பெரிய ஹோட்டல்களும் எழுந்தன. அவற்றின் பின்னால் தெரியும் பழைய வீடுகள் உல்லாசப் பயணிகளின் கண்ணுக்கு அழகாக இல்லை என்று ஆட்சியாளர்கள் நினைத்தார்கள். ஜனாதிபதி ஸாதாத்தின் காலத்தில், 1979க்கும் 1981க்கும் இடையில், பூலாக்கிலிருந்து சுமார் 5,000 குடும்பங்கள் அகற்றப்பட்டன. சிலரை அஸ்ஸாவியத்துல் ஹம்ரா என்ற இடத்துக்கும், சிலரை அய்னு ஷம்ஸுக்கும் அரசாங்கத் தொடர்மாடிகளுக்கு அனுப்பினார்கள். வீட்டை விட்டுப் போவது என்றால் என்ன என்று, 1990ஐக் கண்ட நம் வடபுலத்துச் சகோதரிகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பர்ஹா கன்னாம் என்ற ஆய்வாளர், 1990களில் அஸ்ஸாவியத்துல் ஹம்ராவில் அந்தக் குடும்பங்களோடு பழகி எழுதியிருக்கிறார். புதிய வீட்டில் தனிக் குழாய் இருந்தது, தனிக் குளியலறை இருந்தது. பெண்கள் அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே சந்தில் வாழ்ந்த உறவும் அயலும் இரண்டு மூலைக்குச் சிதறிவிட்டன. ஆண்களின் வேலைத்தலமும் பழகிய சந்தையும் தொலைவாயின. புதிய இடத்து அக்கம்பக்கத்தார், இவர்கள் பூலாக்கிலிருந்து வந்த முரடர்கள் என்று ஒதுக்கிப் பேசினார்கள். இவர்களை அகற்றுவதற்கு நியாயம் சொல்ல அரசாங்கமும் பத்திரிகைகளும் பரப்பிய பேச்சு, இவர்களுக்கு முன்னமே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது. வெவ்வேறு இடத்து மக்களும் ஒன்றாகக் கலந்தது பள்ளிவாசலில்தான் என்று அவர் எழுதுகிறார். தொழுகைக்கும் மார்க்கப் பாடங்களுக்கும் பெண்களும் அங்கே வந்தார்கள். "உன் அயலாருக்கு நன்மை செய்" என்று நாம் மிம்பரில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அயலாரையே அதிகாரிகள் பிரித்துக் கொண்டுபோய்விட்டால் அந்தப் பெண் யாருக்குச் செய்வாள்? இந்தக் கேள்விக்கு வக்பு எழுதிய அந்தப் பழைய வியாபாரிகளிடம் ஒரு பதில் இருந்தது. கடையும் பள்ளிவாசலும் மக்தபும் குடியிருக்கும் வீடும் ஒன்றையொன்று தாங்கும்படி அவர்கள் கட்டினார்கள். வீட்டை மட்டும் பெயர்த்தெடுத்துக் கொடுத்தால் வாழ்க்கையைக் கொடுத்ததாகிவிடும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

2018இல் மறுபடியும் நடந்தது. தொலைக்காட்சி நிலையத்தின் பின்னால் 'மாஸ்பெரோ முக்கோணம்' என்று பெயர் பெற்ற பகுதி இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. இம்முறை மக்களிடம் கேட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். நட்டஈடு, வேறிடத்தில் வீடு, அல்லது கட்டி முடித்ததும் அதே இடத்தில் வாடகைக்கோ தவணைக்கோ ஒரு வீடு என்று வழிகள் வைத்தார்கள். பலர் பணத்தையே வாங்கிக்கொண்டு போனார்கள். அச்சகமோ 1970களின் தொடக்கத்திலேயே எதிர்க்கரையான இம்பாபாவுக்குப் போய்விட்டது. அதன் பழைய இயந்திரங்களும் எழுத்துகளும் இஸ்கந்தரிய்யா நூலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆகவே சகோதரிகளே, மறுபடியும் உங்கள் வீட்டு அலுமாரிக்கே வருகிறேன். மூத்தவாப்பாவின் கிதாபு ஓத ஆளில்லாமல் கிடந்தால், கரையானுக்கும் ஈரத்துக்கும் அதை விட்டுவிடாதீர்கள். வெயிலில் நேராகக் காயப்போடவும் வேண்டாம், தாள் முறிந்துவிடும். நிழலில் காற்றாட வைத்துத் தூசியைத் தட்டுங்கள். பிய்ந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள். பிறகு உங்கள் ஊர் மத்ரஸாவின் குத்துபகானாவுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். கொடுக்குமுன் ஒரு சிறு தாளில் மூத்தவாப்பாவின் பெயரையும் ஊரையும், எங்கே யாரிடம் ஓதினார் என்பதையும் எழுதி, அந்த முக்கோணம் இருக்கும் கடைசிப் பக்கத்துக்குள் வைத்துவிடுங்கள்.